கடிகார வேகமும் கரிசல் மழையும்

பருவமழையை முன்கணிப்பதற்காக 2018 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மீத்திறன் கணினி 'பிரத்யுஷ்'. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் அது நிறுவப்பட்டது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்புக் கருக்கள் இருந்தன. கடைக்காரர்கள் 'கோர்' என்று சொல்வது இதைத்தான். அக்கருக்கள் ஒவ்வொன்றின் கடிகார வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 2002 நவம்பரில், சாதாரண மேசைக் கணினிக்கென விற்பனைக்கு வந்த 'பென்டியம் 4' நுண்செயலியின் கடிகார வேகம் 3.06 கிகாஹெர்ட்ஸ். நாட்டின் மழையைக் கணித்த கணினியின் துடிப்பு, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட ஒரு கணினியின் துடிப்பைவிடக் குறைவு. முரண்போலத் தோன்றும் இந்தச் செய்திக்குள், கடந்த அரை நூற்றாண்டின் மிகப் பெரிய முன்கணிப்புத் தோல்வி ஒன்று அடங்கியிருக்கிறது.

கடிகார வேகம் என்பது எதைக் குறிக்கிறது? நுண்செயலியின் எல்லா உறுப்புகளும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். அந்தத் தாளத்தைத் தருவது ஒரு மின்துடிப்பு. விநாடிக்கு நூறு கோடி முறை துடித்தால் அது ஒரு கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. அது செயலியின் வடிவமைப்பைப் பொறுத்தது. எனினும் துடிப்பு கூடினால் வேலையும் கூடும் என்பது நீண்ட காலம் உண்மையாகவே இருந்தது.

1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலியின் வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். 2000 மார்ச் முதல் வாரத்தில் ஏஎம்டி நிறுவனமும், அதற்கு இரண்டு நாள் கழித்து இன்டெல் நிறுவனமும் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலிகளை அறிவித்தன. 29 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,350 மடங்கு வளர்ச்சி. கூட்டு வளர்ச்சி விகிதமாகச் சொன்னால் ஆண்டுக்கு 28 விழுக்காடு. 1993-ஆம் ஆண்டின் முதல் பென்டியத்தையும் 2002-இன் பென்டியம் 4-ஐயும் மட்டும் ஒப்பிட்டால் ஆண்டுக்கு 49 விழுக்காடு வருகிறது. காலத்தொடர்ப் புள்ளியியலை வகுப்பில் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சீரான போக்குக்கோடு பொருளாதாரத் தரவுகளில் கிடைப்பது அரிது. பருத்தி விலையிலோ உளுந்து விளைச்சலிலோ இப்படி ஒரு கோட்டைக் கண்டால், எங்கோ பிழை இருக்கிறது என்றே முதலில் ஐயப்படுவோம்.

கணினித் துறையினர் ஐயப்படவில்லை. 1996 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடைபெற்ற காம்டெக்ஸ் கண்காட்சியில், இன்டெல் தலைவர் ஆண்டி குரோவ் 2011-ஆம் ஆண்டின் நுண்செயலியை வருணித்தார். அதில் 100 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கும். அது 10 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் என்றார். அரைக்கடத்தித் தொழில் துறை முழுவதும் கூடித் தயாரித்த பன்னாட்டுத் தொழில்நுட்ப வழிகாட்டியின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் துணிச்சலானது. 2010-இல் 11,511 மெகாஹெர்ட்ஸ், 2016-இல் 28,751 மெகாஹெர்ட்ஸ் என்று கடைசி இலக்கம்வரை அது கணித்தது. 15 ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஓர் எண்ணை ஐந்து இலக்கத் துல்லியத்துடன் எழுதுவது எந்தத் துறையிலும் ஒரு நோய்க்குறிதான். எங்கள் துறையும் அதற்கு விலக்கன்று.

2011 வந்தது. அவ்வாண்டு இன்டெல் வெளியிட்ட நாற்கரு நுண்செயலியில் குரோவ் சொன்னபடி ஏறத்தாழ 100 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. வேகமோ 3.4 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 3.8. ஒரே மனிதர், ஒரே மேடையில், ஒரே தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொன்ன இரண்டு கணிப்புகளில் ஒன்று பலித்தது, மற்றொன்று பாதி வழிகூடப் போகவில்லை. ஆராய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

1974-இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். டிரான்சிஸ்டரின் அளவைச் சுருக்கும்போது அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், வேகம் கூடும். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டரில் வெளிப்படும் வெப்பம் கூடாது என்று அதில் காட்டினர். ஒரு சில்லு எடுத்துக்கொள்ளும் மின்திறன் மூன்றின் பெருக்கற்பலன்: மின்தேக்கத் திறன், மின்னழுத்தத்தின் இருமடி, கடிகார வேகம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும், இருமடியாகக் கணக்கில் வரும் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்ததால் வெப்பம் கட்டுக்குள் நின்றது. 1980-களில் 5 வோல்ட்டாக இருந்தது பிறகு 3.3 ஆகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. வேகத்தின் ஏறுமுகத்தைத் தாங்கி நின்றது மின்னழுத்தத்தின் இறங்குமுகம். ஏறும் கோட்டை எல்லோரும் பார்த்தனர். இறங்கும் கோட்டுக்கு ஓர் அடித்தளம் உண்டு என்பதைப் பார்த்தவர்கள் சிலரே.

அந்த அடித்தளம் ஒரு வோல்ட்டை ஒட்டி வந்துவிட்டது. அதற்குக் கீழே போக டிரான்சிஸ்டர் திறந்துமூடும் வரம்பையும் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் மூடியிருக்கும்போதே மின்சாரம் கசியும். கண்மாய் மடையின் பலகை சரியாக உட்காராவிட்டால், மடை அடைத்திருந்தும் இரவெல்லாம் நீர் போய்க்கொண்டிருக்குமே, அதுபோல. ஒரு மடையென்றால் சமாளிக்கலாம். இங்கே கோடிக்கணக்கான மடைகள். 2001 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், இப்போக்கு இப்படியே தொடர்ந்தால் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும், பிறகு ராக்கெட் முனையையும், இறுதியில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டும் என்று எச்சரித்தார். எச்சரித்த நிறுவனமே மேலும் மூன்று ஆண்டுகள் அதே பாதையில் ஓடியது. 2004 அக்டோபரில், அறிவிக்கப்பட்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் கைவிட்டது. அதன் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு கருத்தரங்க மேடையில் மண்டியிட்டு வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு இரட்டைக் கருச் செயலிகள் சந்தைக்கு வந்தன.

2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸாக இருந்த உச்ச வேகம் 2024-இல் 6.2 ஆனது. 20 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 விழுக்காடு. பழைய 28 விழுக்காடு நீடித்திருந்தால் இன்று 500 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருக்க வேண்டும்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. எங்கள் ஊர் நூற்பாலைகளின் ரிங் பிரேம் இயந்திரத்தில் கதிர் சுழல்கிறது. அதைச் சுற்றிய வளையத்தின்மீது 'டிராவலர்' எனும் சிறு உலோகக் கொக்கி உராய்ந்தபடி ஓடுகிறது. கதிரின் வேகத்தைக் கூட்டினால் உராய்வு வெப்பத்தில் கொக்கி கருகும், நூல் அறும். பல பத்தாண்டுகள் பொறியாளர்கள் முயன்றும் நிமிடத்துக்குச் சுமார் 25,000 சுற்று என்பதை ஒட்டியே அந்த எல்லை நிற்கிறது. ஆகவேதான் ஓர் ஆலையின் அளவைச் சொல்லும்போது கதிரின் வேகத்தை யாரும் சொல்வதில்லை. எத்தனை ஆயிரம் கதிர்கள் என்றே சொல்கிறோம். வெப்பம் வேகத்தைத் தடுக்கும் இடத்தில் தொழில் எண்ணிக்கையை நோக்கித் திரும்புகிறது. கணினித் துறை அந்தத் திருப்பத்துக்கு 2005-இல்தான் வந்து சேர்ந்தது.

எண்ணிக்கைக்குத் திரும்புவதில் ஒரு கணக்குச் சூட்சுமம் உண்டு. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்னழுத்தத்தையும் ஏறத்தாழ அதே அளவு குறைக்க முடியும். மின்னழுத்தம் இருமடியாக வருவதால், 0.8-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், விடை 0.51. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மின்செலவு பாதியாகிறது. மிஞ்சிய பாதியில் இன்னொரு கருவை வைக்கலாம். பழைய மின்செலவிலேயே 1.6 மடங்கு வேலைத்திறன். பல கருச் செயலிகளின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒற்றை வரிக் கணக்கில் இருக்கிறது.

எனவே, வரவிருக்கும் ஒரு நுண்செயலியின் கடிகார வேகத்தை முன்கணிக்க விரும்புபவர் பழைய வேகங்களை வரிசையாக எழுதிக் கோடு போடக் கூடாது. முதலில் அதன் மொத்த மின்திறன் ஒதுக்கீட்டைக் கேட்க வேண்டும். அதைக் கருக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கருவுக்குக் கிடைக்கும் வாட் என்ன என்று தெரிந்தால் வேகம் தானே வெளிப்படும். 2024 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட 'எபிக்' வரிசையிலேயே இதற்குச் சான்று உண்டு. அதில் 9965 என்ற செயலிக்கு 192 கருக்கள், 500 வாட். ஒரு கருவுக்கு இரண்டரை வாட்டுக்குச் சற்று மேல். அதன் அடிப்படை வேகம் 2.25 கிகாஹெர்ட்ஸ். அதே வரிசையின் 9575எஃப் செயலிக்கு 64 கருக்கள், 400 வாட். ஒரு கருவுக்கு ஆறு வாட்டுக்கும் மேல். அதன் அடிப்படை வேகம் 3.3, உச்சம் 5. ஒரே நிறுவனம், ஒரே நாள், இரண்டு வேகங்கள். குடும்ப வரவுசெலவுபோலத்தான்: வருமானம் ஒன்று, இலைகள் எத்தனை என்பதைப் பொறுத்துச் சோறு.

இம்முறைப்படி நானும் ஒரு கணிப்பைச் சொல்லி வைக்கிறேன். 2030-க்குள் கடையில் வாங்கக்கூடிய எந்த மேசைக் கணினிச் செயலியும், சாதாரணக் குளிர்விப்பில், 7 கிகாஹெர்ட்ஸைத் தொடாது. போக்குக்கோடு ஏறத்தாழ 7.2 என்று காட்டுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம், 6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய அந்தச் சாதனைக்குக் கொடுத்த விலை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த அதன் அடுத்த தலைமுறை உச்சச் செயலியின் வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். முன்னேற்றத்தின் அடையாளமாக வேகத்தைக் குறைத்து அறிவிக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம்.

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கித் தரும் பெற்றோருக்காக ஒரு சொல். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ், ஓரிரு கருக்கள் சில நொடிகள் மட்டும் எட்டக்கூடிய உச்சம். சில்லின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் இருந்து புறப்படும் கணினிக்கும், சித்திரை மாதத்து ஓட்டுக் கூரையின்கீழ் 40 பாகையில் இருந்து புறப்படும் கணினிக்கும் அந்த எல்லை ஒன்றே. ஆகவே கரிசல் பூமியில் கோடையில் கிடைக்கும் வேகம் பெட்டியில் உள்ள வேகமன்று. அந்த எண்ணுக்காகக் கூடுதலாகக் கடன் வாங்குவதைவிட, நினைவகத்துக்கும் நல்ல காற்றோட்ட அமைப்புக்கும் செலவிடுவது மேல்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். பருவமழைக் கணிப்புக்காக அமெரிக்காவிலிருந்து 'கிரே எக்ஸ்-எம்பி/14' என்ற மீத்திறன் கணினி 1980-களின் இறுதியில் தில்லிக்கு வந்தது. அதைவிட ஆற்றல்மிக்க கணினிகளைத் தர அமெரிக்கா அன்று மறுத்துவிட்டது. அந்த மறுப்பின் பின்னணியில் 1988-இல் புணேயில் சி-டாக் தொடங்கப்பட்டது; விஜய் பட்கர் தலைமையில் சிறிய நுண்செயலிகள் பலவற்றை இணைத்து 1991-இல் 'பரம் 8000' உருவாக்கப்பட்டது. வேகமான ஒற்றைக் கணினி கிடைக்காத நாடு, மெதுவான பலவற்றை ஒன்றுசேர்க்கும் வழியை உலகச் சந்தை அவ்வழிக்கு வருவதற்கு முன்பே தேர்ந்தது. தில்லிக்கு வந்த கிரேயில் இருந்தது ஒரே ஒரு செயலி. அதன் துடிப்பு நூறு மெகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியது. 30 ஆண்டுகள் கழித்து வந்த பிரத்யுஷுடன் ஒப்பிட்டால், கடிகார வேகம் கூடியது ஏறத்தாழ 20 மடங்கு. கருக்களின் எண்ணிக்கை கூடியது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

வானிலைக் கணிப்புக்கு ஏன் இவ்வளவு கருக்கள்? பூமியின் மேற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள். கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர் என்றால், அதற்குள் இருக்கும் ஊர்கள் அனைத்துக்கும் ஒரே மழை. எங்கள் பகுதியில் ஓர் ஊரின் கீழ்க்காட்டில் உழவு மழை பெய்து, மேல்காட்டில் புழுதி அடங்காமலிருப்பது வழக்கம். கட்டத்தை 6 கிலோமீட்டராகப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக, எட்டு மடங்கு கணிப்பு வேலை. கடிகார வேகத்தின் இன்றைய 2.5 விழுக்காடு வளர்ச்சியை நம்பியிருந்தால் எட்டு மடங்கை எட்ட 85 ஆண்டுகள் ஆகும். கருக்களைப் பெருக்கியதால் ஏழு ஆண்டுகளில் அது நடந்தது. 2018 ஜூனில் 12 கிலோமீட்டர் கணிப்பு; 2024 செப்டம்பரில் 'அர்கா', 'அருணிகா' என்ற புதிய மீத்திறன் கணினிகள்; 2025 மே 26 அன்று 6 கிலோமீட்டர் கட்டமுடைய 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு'.

இது ஏட்டுக் கணக்கன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக, எவ்வளவு துல்லியமாகத் தரப்பட்டது என்பதில் மாநில அரசும் ஒன்றிய அரசும் மாறுபட்டுப் பேசின. அந்த வாதத்தில் நான் புக விரும்பவில்லை. ஆனால் இத்தகைய மழையை ஊர் அளவில் சொல்வதற்குச் சிறிய கட்டங்களும், அவற்றுக்கு மேலும் பன்மடங்கு கருக்களும் தேவை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அந்தக் கருக்கள் நம்முடையவையா என்ற கேள்வி இயல்பாக எழும். சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையிலான குழுவின் 'சக்தி' திட்டத்தில் உருவான நுண்செயலி 2018-இல் 400 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது; அதன் சில்லுகள் அமெரிக்காவின் ஆரிகனிலுள்ள இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டன. 2025 டிசம்பரில் சி-டாக் அறிவித்த 'துருவ்64' இரட்டைக் கருவும் ஒரு கிகாஹெர்ட்ஸும் கொண்டது. ஒரு கிகாஹெர்ட்ஸை உலகம் 2000-இலேயே எட்டிவிட்டது, நாம் கால் நூற்றாண்டு பின்தங்கியிருக்கிறோம் என்று சிலர் எள்ளல் செய்தனர். உற்பத்தித் தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியிருப்பது உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் அதை அளக்கக் கடிகார வேகத்தை எடுத்தது தவறான அளவுகோல். மின்மீட்டருக்கும் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஒரு கிகாஹெர்ட்ஸே மிகுதி. மீத்திறன் கணினிக்கென சி-டாக் வடிவமைத்துவரும் 'ஏ.யு.எம்.' செயலியின் அறிவிக்கப்பட்ட விவரம் 96 கருக்கள், 3 முதல் 3.5 கிகாஹெர்ட்ஸ். அந்த வேகம் இன்றைய உலக அளவில் நடுத்தரமே. அது நடுத்தரமாக இருப்பதுதான் சரி. அந்தச் செயலியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, 5 நானோமீட்டர் வார்ப்புக்குத் தைவானை நம்பியிருக்கும் நிலை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதே.

கருக்களைப் பெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1967-இல் ஜீன் அம்தால் சுட்டிக்காட்டியது அது. எங்கள் வட்டாரத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே வழங்கும் கைத்தொழில் ஆலையில் குச்சி அடுக்குவதற்கு நூறு பெண்களை அமர்த்தலாம்; மருந்தில் முக்குபவர் ஒருவர் என்றால், சட்டங்கள் அவர்முன் குவிந்து காத்திருக்கும். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பகிர முடியாது என்று வைத்துக்கொண்டால், 8 கருக்கள் தருவது 4.7 மடங்கு வேகம். 96 கருக்கள் தருவது 9 மடங்கு. எத்தனை கோடி கருக்கள் வைத்தாலும் 10 மடங்கைத் தாண்டாது.

மழைக் கணிப்பில் அந்தப் பகிர முடியாத பங்கு இப்போது கணினிக்கு வெளியே வந்துவிட்டது. எங்கள் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அதை எதிர்நோக்கிப் புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் பருத்தியும் சோளமும் உளுந்தும் விதைப்பது மானாவாரி வழக்கம். விதைத்த பின் சிறு தூறல் மட்டும் விழுந்து வெயில் காய்ந்தால் முளைத்தது கருகும்; விதைக்கும் உழவுக்கும் மறுசெலவு. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வானிலைப் பிரிவு செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அறிக்கை தருகிறது. புணேயில் சில மணி நேரத்தில் பிறக்கும் எண், அந்த அறிக்கை வழியாக ஓர் உழவரின் காதில், அவருடைய காட்டுக்கு உரிய சொல்லாக விழ வேண்டும். அந்த வேலைக்கென நாடெங்கும் அமைக்கப்பட்டிருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டன. புதிய மீத்திறன் கணினிகள் அர்ப்பணிக்கப்பட்டது அதே ஆண்டு செப்டம்பரில், கரிசல் காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது.